மரைத் துளைக்குப் பொசிஷன் டாலரன்ஸ்: போல்ட் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி

ஒரு கியர்பாக்ஸ் ஹவுசிங். அதன் மேல் 20 மி.மீ. தடிமனில் ஒரு மூடி. இறுக்க ஆறு எம்8 போல்ட்டுகள், அதாவது 8 மி.மீ. விட்டமுள்ளவை. ஐந்து போல்ட்டுகள் விரலால் சுற்றியதற்கே இறங்கிவிட்டன. ஆறாவது மட்டும் மூடியின் துளைச் சுவரில் உரசிக்கொண்டு நின்றது. அசெம்பிளியில் இருந்த தம்பி மூடியைக் கழற்றிவிட்டு, அதே போல்ட்டை ஹவுசிங்கில் மட்டும் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. "அண்ணே, மரையில கோளாறு இல்ல. மூடி வச்சாத்தான் ஏற மாட்டேங்குது" என்றார்.

இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை வரவழைத்தோம். ஹவுசிங் ஓகே. மூடியும் ஓகே. ஆறு மரைத் துளைகளும் பொசிஷன் 0.5-க்குள் இருந்தன. அளந்தவர் மேல் தப்பில்லை, டிராயிங் என்ன கேட்டதோ அதைத்தான் அளந்திருந்தார். மிஷின் ஓட்டியவரும் டிராயிங்படியே செய்திருந்தார். கேட்க வேண்டியதை டிராயிங்தான் கேட்காமல் விட்டிருந்தது.

இந்தத் தகராறை வேறு வேறு பட்டறைகளில், வேறு வேறு பாகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். "பொசிஷன் உள்ளே இருக்கு, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்பார். "எம்.எம்.சி. போட்டுட்டா சரியாயிடும்" என்பார் இன்னொருவர் (எம்.எம்.சி. என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன்). இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. சாதாரணத் துளைக்கும் மரைத் துளைக்கும் ஒரே கணக்கைப் போடுவதால் வரும் குழப்பம் இது. டிப்ளமோ முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்திருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல அடியிலிருந்து தொடங்குகிறேன்.

புள்ளி வைத்த இடமும் புள்ளி விழுந்த இடமும்

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எங்கே விழ வேண்டும் என்று போடுபவர் மனதில் ஒரு கட்டம் இருக்கிறது. கை வைக்கும்போது புள்ளி இம்மி அங்கே இங்கே விழும். எவ்வளவு விலகினால் கோலம் கெடாது? வலப்பக்கம் இவ்வளவு, மேல் பக்கம் இவ்வளவு என்று யாரும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. விழ வேண்டிய இடத்திலிருந்து எந்தத் திசையிலானாலும் இத்தனை தூரத்துக்குள் விழுந்தால் போதும்.

பொசிஷன் டாலரன்ஸும் அப்படித்தான். துளையின் மையம் சரியாக எங்கே இருக்க வேண்டும் என்று டிராயிங் சொல்கிறதோ, அந்தக் குறியிடத்துக்கு ட்ரூ பொசிஷன் என்று பெயர். அதைச் சுற்றி ஒரு வட்டம், துளையின் ஆழத்தையும் சேர்த்துக்கொண்டால் ஓர் உருளை. இந்த உருளைக்கு டாலரன்ஸ் ஸோன் என்று பெயர். துளையின் மையக்கோடு முழுவதும் அந்த உருளைக்குள் இருக்க வேண்டும். பொசிஷன் 0.5 என்றால் உருளையின் விட்டம் 0.5 மி.மீ. அதாவது மையம் எந்தப் பக்கமும் 0.25 வரை விலகலாம்.

இந்த விட்டம், ஆரம் விஷயத்தில் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஒரு துளை குறுக்கே 0.2, நெடுக்கே 0.15 விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்த்தூரம் 0.25. ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது அதன் இரு மடங்கு, 0.5. இந்தத் துளை எல்லையில் நின்று பாஸ் ஆகிறது. 0.25 என்று எழுதிவிட்டு "பாதி டாலரன்ஸ் இன்னும் மிச்சம் இருக்கு" என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய முறையில் குறுக்கே ±, நெடுக்கே ± என்று கொடுத்தால் ஸோன் சதுரமாகிவிடும். 0.5 வட்டத்துக்குள் அடங்கும் சதுரம் வேண்டுமென்றால் ±0.177 கொடுக்க வேண்டும். மேலே சொன்ன துளை குறுக்கே 0.2 விலகியிருக்கிறது, ஆகவே அந்தக் கணக்கில் ரிஜெக்ட். மையத்திலிருந்து அதே 0.25 தூரத்தில் மூலைப்பக்கம் விலகிய வேறொரு துளையோ பாஸ். இரண்டும் போல்ட்டுக்கு ஒரே மாதிரி தொல்லைதான் தரும், ஒன்றை எறிந்துவிட்டு ஒன்றை ஏற்பதில் நியாயமே இல்லை. சதுரத்தின் மூலைகளைத் தொட்டுக்கொண்டு வட்டம் போட்டால் பரப்பு 57 சதவீதம் கூடுகிறது. நல்ல பாகத்தைக் குப்பையில் போடாமல் இருக்க இதுவே பெரிய உதவி. ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்ட்ரியா ஊரில் இருந்த ராயல் டார்பிடோ ஃபேக்டரியில் வேலை செய்த ஸ்டான்லி பார்க்கர்தான் இந்த ட்ரூ பொசிஷன் சிந்தனையைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1940-இல் அவருடைய குறிப்புகள் வெளிவந்தன. இன்று ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5, ஐ.எஸ்.ஓ. 1101 ஆகிய தரநூல்கள் இந்த முறையை விரிவாக வரையறுக்கின்றன.

அளவு எங்கிருந்து எடுப்பது? வீட்டில் ஆணி அடிக்கும்போது கூரையிலிருந்து அளந்தவரும் தரையிலிருந்து அளந்தவரும் ஒரே உயரத்தில் அடிக்க மாட்டார்கள். அளவு தொடங்கும் முகத்துக்கோ துளைக்கோ டேட்டம் என்று பெயர். நம் ஹவுசிங்கில் முதல் டேட்டம் மூடி உட்காரும் முகம், இரண்டாவது நடுவில் இருக்கும் போர், அதாவது கடைந்தெடுத்த பெரிய துளை. மூடி எதன் மேல் உட்கார்ந்து எதைப் பிடித்து நிற்கிறதோ அதைத்தான் டேட்டமாக வைக்க வேண்டும். அளக்க வசதியான ஏதோ ஒரு பக்கத்தை வைத்தால், மீதி எல்லாக் கணக்கும் வீணாகிவிடும்.

இதுவரை பார்த்தது இதுதான்: இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஓர் உருளை, அதற்குள் துளையின் மையக்கோடு. ரிப்போர்ட்டில் எழுதுவது விலகலின் இரு மடங்கு. இது எல்லாத் துளைக்கும் பொது.

மரைத் துளை விட்டுக்கொடுக்காது

இரண்டு தகடுகளை போல்ட், நட் போட்டு இணைக்கிறீர்கள். இரண்டிலும் சாதாரணத் துளை, போல்ட்டைவிடச் சற்றுப் பெரியது. இப்படித் தாராளமாக விட்ட துளைக்குக் கிளியரன்ஸ் ஹோல் என்று பெயர். ஒரு தகட்டின் துளை இடப்பக்கம் தள்ளியிருந்தால் போல்ட் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளும். போல்ட் யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஏற்றபடி நடுவில் மிதக்கும்.

இப்போது கார் சக்கரம் மாட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஸ்டட்டுகள், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டுகள், ஹப்பிலேயே அசையாமல் நிற்கின்றன. சக்கரத்தைத்தான் தூக்கி, திருப்பி, அவற்றின் மேல் பொருத்த வேண்டும். ஒரு ஸ்டட் லேசாக வளைந்திருந்தாலும் சக்கரம் ஏறாது. மரைத் துளையில் இறங்கிய போல்ட்டும் அந்த ஸ்டட் மாதிரிதான். மரை பிடித்துவிட்டால் அது எங்கே நிற்க வேண்டும் என்பதை மரையே முடிவுசெய்துவிடுகிறது. ஒதுங்கி இடம் கொடுக்கக்கூடியது மூடியின் துளை மட்டும்தான்.

கணக்கு இங்கேதான் மாறுகிறது. எம்8 போல்ட், மூடியில் 9 மி.மீ. துளை. இடைவெளி 1 மி.மீ. போல்ட், நட் இணைப்பாக இருந்தால் இரண்டு தகடுகளுக்கும் தலைக்கு 1 மி.மீ. பொசிஷன் கொடுக்கலாம். மரை இணைப்பில் அந்த 1 மி.மீ.-ஐ இரண்டு பாகங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மூடிக்கு 0.5, ஹவுசிங்குக்கு 0.5. சரிபாதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. துளை போட்டு மரையும் எடுக்க வேண்டிய பாகத்துக்கு 0.6 கொடுத்து, மூடிக்கு 0.4 வைப்பதும் உண்டு. எனக்கு அந்தப் பிரிவினைதான் பிடிக்கும், ஏனென்றால் கஷ்டமான வேலை மரைப் பக்கம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்கக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சரிபாதியாக வைத்துக்கொள்கிறேன்.

போல்ட், நட் டிராயிங்கிலிருந்து எண்களை அப்படியே எடுத்து மரை டிராயிங்கில் ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு பாகத்துக்கும் 1 மி.மீ. போட்டிருப்பார்கள். சாம்பிள் பத்து பாகம் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் எல்லாமே எல்லையில் நிற்பது அரிது. லாட் பெரிதாகும்போது பிரச்சினை மெதுவாகத் தலைகாட்டும்.

சுருக்கமாக: மரையில் போன போல்ட் நகராது. இருக்கும் இடைவெளி ஒன்றுதான், அதை இரண்டு பாகங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

மரைக்கு மையக்கோடு எது?

சாதாரணத் துளைக்குச் சுவர் ஒன்றுதான், மையத்தைக் கண்டுபிடிப்பது லேசு. மரைத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மேடுகள், அவற்றுக்கு நடுவே பள்ளங்கள், இரண்டையும் இணைக்கும் சரிவுகள். எம்8 சாதாரண மரையில் பள்ளத்தின் அடியில் விட்டம் 8 மி.மீ. இது மேஜர் டயா. மேட்டின் உச்சியில் 6.647, இது மைனர் டயா. இரண்டுக்கும் இடையே, மரையின் பல்லும் பல்லிடையும் சம அகலமாக இருக்கும் இடத்தில் ஒரு கற்பனை உருளை. அதன் விட்டம் 7.188, அதுதான் பிட்ச் டயா.

டிராயிங்கில் வேறு எதுவும் எழுதாவிட்டால், பொசிஷன் டாலரன்ஸ் இந்தப் பிட்ச் டயா உருளையின் மையக்கோட்டுக்குத்தான். காரணம் எளிது. போல்ட்டை இறுக்கும்போது அது சரிவுகளில்தான் சாய்ந்து உட்காருகிறது. மேட்டின் உச்சியோ பள்ளத்தின் அடியோ அதைப் பிடிப்பதில்லை. போல்ட் எதைப் பிடித்து நிற்கிறதோ, அதன் மையம்தான் நமக்கு வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். 6.8 டிரில்லால் போட்ட துளைதான் மைனர் டயா. சரிவுகளை வெட்டுவது டேப். டேப் பெரும்பாலும் டிரில் போட்ட வழியிலேயே போகும், ஆனால் எப்போதும் இல்லை. கையால் டேப் பிடிக்கும்போது கொஞ்சம் சாய்த்து ஆரம்பித்தால், துளை நேராகவும் மரை கோணலாகவும் அமைந்துவிடும். அதனால் டிரில் துளையை அளந்துவிட்டு "மரை பாஸ்" என்று சொல்வது ஓர் ஊகம்தான். அந்த ஊகம் பல நேரம் பலிக்கும். பலிக்காத நேரத்தில் யாருக்கும் காரணம் புரியாது.

பந்தக்கால் கணக்கு

இப்போது நம் ஆறாவது போல்ட்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

பந்தல் போடும்போது குழி தோண்டிக் கால் நடுகிறார்கள். ஒன்றரை அடிக் குழியில் கால் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால் குழிக்குள் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பத்தடி உயரத்தில் அதே சாய்வு அரைச் சாணுக்கு மேல் போய்விடும், மேலே கட்ட வேண்டிய குறுக்கு மூங்கில் எட்டாது. குழியை மட்டும் அளந்து "சரியாக இருக்கிறது" என்று சொன்னால் பந்தல்காரர் ஏற்பாரா? அவருக்குத் தேவை காலின் உச்சி.

மரைத் துளை அந்தக் குழி. போல்ட் அந்தக் கால். மூடி மேலே கட்டும் மூங்கில்.

எண்களோடு பார்ப்போம். மரை ஆழம் 16 மி.மீ., பொசிஷன் 0.5. வழக்கமான ஸோன் அந்த 16 மி.மீ. ஆழத்துக்குள் மட்டும் இருக்கிறது. மையக்கோடு முகத்தில் ஒரு பக்கம் 0.25, அடியில் எதிர்ப்பக்கம் 0.25 என்று சாய்ந்து கிடந்தாலும் ஸோனுக்குள்தான் இருக்கிறது. அளந்தால் பாஸ். ஆனால் 16 மி.மீ.-க்கு 0.5 சாய்கிற கோடு, மேலே 20 மி.மீ. போகும்போது இன்னும் 0.625 சாயும். முகத்தில் ஏற்கெனவே 0.25 விலகல். மூடியின் மேல்முகத்தை எட்டும்போது மொத்தம் 0.875.

9 மி.மீ. துளையில் 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுற்றிலும் 0.5-தான் இடம். மூடித் துளை அணுவளவும் பிசகாமல் இருந்தாலும் அந்த போல்ட் ஏறாது. மூடித் துளையும் தன் பங்கு டாலரன்ஸை எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டால், துளை 10.25 மி.மீ. இருந்தால்தான் தப்பும். எம்8 போல்ட்டின் தலை 13 மி.மீ. அதன் கீழே 10.25 துளை என்றால் தலை உட்கார மிச்சம் இருப்பது மெல்லிய வளையம். "அசெம்பிளியில் துளையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிடலாம்" என்ற யோசனை எவ்வளவு தப்பு என்று இதிலேயே தெரியும். அப்படியே உள்ளே போனாலும் சாய்ந்த போல்ட்டின் தலை ஒரு ஓரத்தில்தான் உட்காரும். இறுக்க இறுக்க போல்ட் வளையும்.

இதற்கான மருந்து, ஸோனைத் துளைக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிடுவதுதான். அதே 0.5 விட்டமுள்ள உருளையை, முகத்தில் தொடங்கி மூடி இருக்கப்போகும் திசையில் 20 மி.மீ. உயரத்துக்கு நிறுத்துங்கள். மரையின் மையக்கோட்டை மேல்நோக்கி நீட்டினால், அந்த நீட்சி முழுவதும் இந்த உருளைக்குள் இருக்க வேண்டும். இதற்குப் புரொஜெக்டட் ஸோன் என்று பெயர். டிராயிங்கில் பொசிஷன் பெட்டிக்குள் டாலரன்ஸ் எண்ணுக்குப் பின்னால், ஒரு வட்டத்துக்குள் "பி" என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, பக்கத்தில் 20 என்று உயரத்தை எழுதினால் முடிந்தது. இப்படிக் கேட்டுவிட்டால் மூடியின் எந்த உயரத்திலும் போல்ட்டின் மையம் 0.25-க்கு மேல் விலக முடியாது. மூடிக்கு 0.5, ஹவுசிங்குக்கு 0.5 என்று நாம் போட்ட பங்குக் கணக்கு அப்போதுதான் உண்மையாகிறது. 9 மி.மீ. துளை போதும்.

உயரம் எவ்வளவு போடுவது? மேலே வரும் பாகத்தின் அதிகபட்சத் தடிமன். நடுவில் கேஸ்கெட் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் என்றால் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முழு உயரம், ஏனென்றால் மூடியை மேலிருந்து இறக்கும்போது ஸ்டட்டின் நுனியும் துளைக்குள் நுழைந்தாக வேண்டும். துளை இருபக்கமும் திறந்திருந்தால் ஸோன் எந்தப் பக்கம் நீள்கிறது என்று படத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஒருபக்கம் அடைத்த துளையில் அந்தச் சந்தேகம் வராது.

"இது போட்டா விலை ஏறுமே" என்று சப்ளையர்கள் சொல்வார்கள். மூடி மெல்லிய தகடாக, 3 மி.மீ. தடிமனில் இருந்தால் நான் வற்புறுத்த மாட்டேன். அவ்வளவு உயரத்தில் சாய்வு பெரிதாக வளராது. மூடியின் தடிமன் மரை ஆழத்தை நெருங்கினாலோ தாண்டினாலோ, வட்டத்துக்குள் "பி" இல்லாத டிராயிங்கை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சுருக்கமாக: துளைக்குள் சிறிய சாய்வு, வெளியே பெரிய விலகல். போல்ட் மூடியைச் சந்திக்கும் இடம் வெளியே இருப்பதால் டாலரன்ஸும் வெளியே இருக்க வேண்டும்.

எம்.எம்.சி. மரைக்கு ஏன் வேண்டாம்

ஒரு பாகத்தில் உலோகம் அதிகபட்சமாக இருக்கும் நிலைக்கு எம்.எம்.சி. என்று பெயர். துளையைப் பொறுத்தவரை அது மிகச் சிறிய துளை. மூடியின் துளைக்கு இந்த ஏற்பாடு அருமையானது. 9 மி.மீ. துளைக்கு 0.5 பொசிஷன் போதும் என்றால், 9.15-ஆக வந்த துளைக்கு 0.65 கொடுத்தாலும் போல்ட் ஏறும். துளை எவ்வளவு பெருத்ததோ அவ்வளவு பொசிஷன் கூடுதலாகக் கிடைக்கிறது. இதற்கு போனஸ் என்று பெயர். வட்டத்துக்குள் "எம்" போட்டால் இந்தச் சலுகை கிடைக்கும்.

அதே "எம்"-ஐ மரைத் துளைக்கும் பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். மரை சற்றுத் தளர்வாக வந்தால் போல்ட் உள்ளே ஆடும், ஆகவே கூடுதல் இடம் கிடைக்கும் என்பது எண்ணம். கையால் சுற்றும்போது ஆடுவது உண்மைதான். ஆனால் ஸ்பேனர் போட்டு இறுக்கியதும் என்ன ஆகிறது? மரையின் சரிவுகள் போல்ட்டை நடுவுக்குத் தள்ளுகின்றன. புனலுக்குள் போட்ட கோலிக்குண்டு தானாக நடுவில் போய் உட்காருவதுபோலத்தான். இறுகிய போல்ட் மரையின் மையத்துக்கே வந்துவிடுவதால், போனஸ் என்று எழுதிக் கொடுத்த இடம் அசெம்பிளியில் இருப்பதில்லை.

கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் எவ்வளவு? எம்8, 6 எச் தர மரையில் பிட்ச் டயா 7.188-லிருந்து 7.348 வரை. முழு வித்தியாசமே 0.16. அந்தப் போனஸைக் கணக்கிட வேண்டுமானால் ஒவ்வொரு மரைக்கும் பிட்ச் டயாவை அளந்து கழிக்க வேண்டும். யார் செய்வார்கள்? கேஜ் போட்டுச் சோதிக்க வசதியாக இருக்கும் என்று "எம்" போடுகிறவர்கள் உண்டு, அவர்கள் தெரிந்து செய்கிறார்கள். மற்றபடி மரைத் துளையில் இந்தக் குறியை விட்டுவிடுங்கள். குறி எதுவும் இல்லையென்றால், மரை இறுக்கமோ தளர்வோ, பொசிஷன் ஒரே அளவுதான் என்று பொருள்.

அளப்பது எப்படி

சி.எம்.எம். மிஷின் என்பது முனையில் சிறு மாணிக்க உருண்டை பொருத்திய ஊசியால் பாகத்தைத் தொட்டுத் தொட்டு அளக்கும் கருவி. சாதாரணத் துளைக்குள் ஒரே உயரத்தில் நான்கு இடம் தொட்டால் மையம் வந்துவிடும். மரைக்குள் அதே வேலையைச் செய்தால் என்ன ஆகும்? மரை சுற்றிக்கொண்டே ஏறுகிறது. எம்8-இல் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ., கால் சுற்றுக்கு 0.31 மி.மீ. ஒரே உயரத்தில் தொடும் நான்கு இடங்களில் ஒன்று மேட்டின் உச்சியில் படும், இன்னொன்று சரிவில் படும், வேறொன்று பள்ளத்துக்குள் வழுக்கும். கணினி அந்த நான்கையும் நம்பி ஒரு மையத்தைக் கொடுக்கும். திரும்ப அளந்தால் வேறு மையம். ஊசியை மரையோடு சேர்ந்து ஏறவிட்டுத் தொட வைக்கலாம், அது பரவாயில்லை. ஆனால் துளைக்கு வெளியே 20 மி.மீ. உயரத்தில் என்ன நடக்கிறது என்பதை அப்போதும் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

நான் நம்புவது மரை பிளக்கை. கீழே துல்லியமான மரை, மேலே கிரைண்டிங் செய்த வழவழப்பான நேர் உருளை. அதைத் துளையில் ஆட்டமில்லாமல் இறுகும்வரை திருகி, வெளியே நிற்கும் உருளையை முகத்தை ஒட்டி ஒரு சுற்றும், 20 மி.மீ. உயரத்தில் ஒரு சுற்றும் தொட வேண்டும். இரண்டில் எது அதிகமாக விலகியிருக்கிறதோ அதுதான் ரிப்போர்ட்டுக்கு. போல்ட் எப்படி நிற்கும் என்பதையே நேராக அளக்கிறோம், ஊகமே இல்லை.

லாட் பெரிதாக இருந்தால் கேஜ் தட்டு ஒன்று செய்துகொள்ளலாம். 20 மி.மீ. தடிமன், ஆறு துளைகளும் மிகச் சரியான இடத்தில், ஒவ்வொன்றும் 8.5 மி.மீ. நடுவில் ஹவுசிங்கின் போரில் உட்கார ஒரு கொண்டை. தட்டை ஹவுசிங் மேல் வைத்து, 8 மி.மீ. தண்டுள்ள ஆறு மரை பின்களைத் தட்டின் துளைகள் வழியாகத் திருக வேண்டும். ஆறும் இறங்கினால் பாகம் பாஸ். தண்டைச் சுற்றி இருக்கும் அந்த 0.5 இடைவெளிதான் டாலரன்ஸ் ஸோன். எண்களாகப் படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இந்தத் தட்டைத்தான் காட்டுவேன்.

அன்றைக்கு எங்களிடம் தட்டு இல்லை, மரை பிளக் ஒன்று இருந்தது. ஹவுசிங்கை மறுபடி ஏற்றி ஆறாவது துளையை அளந்தோம். முகத்தில் 0.2 விலகல், ரிப்போர்ட் கணக்கில் 0.4. அடியில், 16 மி.மீ. ஆழத்தில், எதிர்ப்பக்கம் அதே 0.2. பழைய ரிப்போர்ட் சொன்னது சரிதான், டிராயிங்படி பாஸ். 20 மி.மீ. உயரத்தில் தொட்டோம். விலகல் 0.7, அதாவது பொசிஷன் 1.4. கேட்டதைவிட மூன்று மடங்குக்குக் கிட்டத்தட்ட. அந்தத் துளையை ஒட்டி வார்ப்பில் ஒரு ஊதுதுளை, அதாவது காற்றுக் குமிழி விட்ட வெற்றிடம், இருந்திருக்கிறது. டிரில் வழுக்காமல் இருக்க முதலில் சிறு குழி போடும் ஸ்பாட் டிரில்லை வேறு, நேரத்தை மிச்சம் பிடிக்க எடுத்துவிட்டிருந்தார்கள். டிரில் மெலிந்த பக்கம் சாய்ந்து போக, டேப் அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

எண்களைப் பார்த்தும் தம்பிக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. "வெளிய இவ்வளவு போகுமா?" என்றார். பிளக்கை அப்படியே விட்டுவிட்டு மூலைமட்டத்தை எடுத்து முகத்தின் மேல் வைத்து, அதன் நிமிர்ந்த கையைப் பிளக்கின் தண்டோடு ஒட்டிப் பிடித்தேன். கீழே தண்டும் மட்டமும் தொட்டுக்கொண்டு நின்றன. மேலே போகப் போக இடையில் வெளிச்சம் ஆப்பு மாதிரி விரிந்தது. தம்பி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜில் அரை மி.மீ. தகட்டை எடுத்து 20 மி.மீ. உயரத்தில் அந்த இடைவெளிக்குள் விட்டார். அளவாக, உரசிக்கொண்டு உள்ளே போனது.